கேள்வி கேட்டாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது, தண்ணீர்?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒகேனக்கல் அவர் ஊருக்குக் கூப்பிடு தூரம். ஆனால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அவர் தெருவுக்கு வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. எம்.எல்.ஏ. இதைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்டாராம். "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் சொன்னாராம். அந்த வீடியோ உள்ளூர் வாட்ஸ்அப் குழுவில் ஓடியதோடு சரி. "இப்படிக் கேட்பதாலும் சொல்வதாலும் யாருக்கு என்ன லாபம்? வெறும் சம்பிரதாயம்தானே? பட்ஜெட்டில் கோடி கோடியாக ஒதுக்குகிறார்களே, அதையாவது யாராவது கணக்குக் கேட்கிறார்களா?" இதுதான் அவர் கேட்டது.

பல நேரம் சம்பிரதாயமாகத்தான் நடக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு நான் ஏற்பாட்டைக் குறை சொல்வதைவிட, அதைப் பயன்படுத்தும் விதத்தைத்தான் குறை சொல்வேன். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் சட்டமன்றத்தில் கேள்வி கேட்பதில்லை, கோரிக்கை வைக்கிறார்கள். கேள்வி என்றால் அமைச்சர் கணக்குச் சொல்லியாக வேண்டும். கோரிக்கைக்குத் தலையாட்டினால் போதும்.

இந்த மாவட்டத்தில் ஒரு துறையின் அலுவலகத்தில் சட்டமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். அலுவலக மொழியில் அதற்கு 'எல்.ஏ.க்யூ.' என்று பேர். ஃபேக்ஸ் காலத்திலும் சரி, மின்னஞ்சல் காலத்திலும் சரி, அது வரும் நேரம் பெரும்பாலும் சாயங்காலம். மேலே 'சட்டமன்றக் கேள்வி, மிக அவசரம்' என்றிருக்கும். மறுநாள் காலைக்குள் பதில் போயாக வேண்டும். அன்றைக்கு மற்ற எந்தக் கோப்பும் நகராது. களத்தில் இருக்கும் உதவிப் பொறியாளருக்குப் போன், யூனியன் ஆபீஸுக்குப் போன், பழைய அளவுப் புத்தகத்தைத் தேடி ஒருவர் ரெக்கார்டு ரூமுக்குள் போய்விடுவார். வருஷக்கணக்கில் கேட்டும் கிடைக்காத புள்ளிவிவரம் எல்லாம் அன்று இரவுக்குள் மேசைக்கு வந்துவிடும். பொதுமக்கள் மனுவுக்கு அப்படி ஓடியதை நான் பார்த்ததில்லை. கலெக்டர் கூட்டத்துக்குக்கூட அவ்வளவு ஓட மாட்டார்கள். காரணம் எளிது: பேரவையில் தவறான தகவல் சொன்னால் அது உரிமை மீறல் விவகாரமாகலாம். மேடையில் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்லலாம். அவைக் குறிப்பில் ஏறியதை மாற்றுவது பெரும்பாடு.

பதில் எழுதும்போது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், கேட்டதற்கு மட்டும் பதில். கேள்வி (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவுகளாக வரும். (அ)-வுக்கு 'இல்லை' என்று பதில் சொல்ல முடிந்தால் (ஆ)-வுக்கும் (இ)-க்கும் 'இவ்வினா எழவில்லை' என்று எழுதி முடித்துவிடலாம். கேள்வியின் முதல் வரி எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. முதல் வரியில் ஓட்டை இருந்தால் மொத்தக் கேள்வியும் அதன் வழியே ஒழுகிவிடும்.

பதிலோடு இன்னொரு காகிதமும் போகும். துணை வினாக்களுக்கான குறிப்பு. அமைச்சர் பதில் படித்ததும் உறுப்பினர் எழுந்து என்னென்ன கேட்கக்கூடும் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதித் தருவது. பதில் நாலு வரி என்றால் குறிப்பு நாலு பக்கம் இருக்கும். மோட்டார் எத்தனை நாள் ரிப்பேரில் கிடந்தது, ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கிராமத்துக்குக் குழாயே போகவில்லை, எல்லாம் அதில் இருக்கும். அமைச்சர் கையில் அது இருக்கும். அதிகாரிகள் மாடத்தில் செயலாளர் துண்டுச் சீட்டோடு தயாராக உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் எழுந்து என்ன செய்வார்? அமைச்சருக்கு நன்றி சொல்வார், தலைவரைப் பாராட்டி ஒரு கவிதை சொல்வார், பிறகு தொகுதிக்கு ஒரு பாலம் கேட்பார். குறிப்பு பிரிக்கப்படாமலே கோப்போடு திரும்பி வந்துவிடும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து தயாரித்தவனுக்கு அதில் நிம்மதியும் உண்டு, சின்ன ஏமாற்றமும் உண்டு.

உங்கள் எம்.எல்.ஏ. கேட்ட கேள்வி என்ன வாசகத்தில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஊகிக்க முடிகிறது. "பென்னாகரம் தொகுதியில் குடிநீர்ப் பற்றாக்குறையைப் போக்கக் கூடுதல் தண்ணீர் வழங்க அரசு ஆவன செய்யுமா?" ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். 'ஆவன செய்யுமா', 'அரசு முன்வருமா' என்று முடியும் கேள்விக்கு 'பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்ற இரண்டில் ஒன்றுதான் வரும். இதையே இப்படிக் கேட்டிருந்தால்?

(அ) ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் பென்னாகரம் ஒன்றியத்துக்கு நாளொன்றுக்கு வழங்கத் திட்டமிடப்பட்ட தண்ணீர் எத்தனை லிட்டர். (ஆ) கடந்த ஓராண்டில் மாதவாரியாக வழங்கப்பட்டது எத்தனை லிட்டர். (இ) குறைவு எந்தெந்தக் குடியிருப்புகளில், என்ன காரணத்தால். (ஈ) இதே காலத்தில் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு. (உ) சரிசெய்யும் பணி எந்தத் தேதிக்குள் முடியும்?

இதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுத முடியாது. நான் அந்த மேசையில் இருந்தால் முதலில் எனக்கு வியர்த்திருக்கும். எண் எழுதியாக வேண்டும். ஒருமுறை எண் எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தொடரில் அதையே எடுத்துவைத்துக்கொண்டு கேட்பார்கள்.

இன்னொரு நுணுக்கம், யாரிடம் கேட்பது என்பது. குடிதண்ணீர் விஷயத்தில் இங்கேதான் முக்கால்வாசிக் கேள்விகள் வழிதவறுகின்றன. ஆற்றில் எடுத்துச் சுத்திகரித்துப் பெரிய குழாயில் ஊர்ப் பக்கம் வரை கொண்டுவந்து சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம். அதற்குப் பொறுப்பு நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை அமைச்சர். கிராமத்தின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக் குழாய்க்குத் திறந்துவிடுவது ஊராட்சி. டேங்க் ஆபரேட்டர் வரவில்லை, வால்வு உடைந்திருக்கிறது, ஊராட்சி கரண்ட் பில் கட்டவில்லை என்றால் அது ஊரக வளர்ச்சித் துறை. குடிநீர் அமைச்சரிடம் கேட்டால் "தொட்டி வரை முறையாக வழங்கப்படுகிறது" என்று சொல்வார், அது பொய்யாகவும் இருக்காது. ஊரக வளர்ச்சி அமைச்சரிடம் கேட்டால் "வரப்பெறும் நீர் முறையாக விநியோகிக்கப்படுகிறது" என்பார், அதுவும் பொய்யாக இருக்காது. இரண்டு உண்மைக்கும் நடுவே உங்கள் வீட்டுக் குடம் காலியாகக் கிடக்கும். வீட்டுக்கு வீடு குழாய் என்பது 2019-ல் ஒன்றிய அரசு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வந்தது என்றால், மூன்றாவதாக ஒரு கதவும் உண்டு: எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில் ஜல் சக்தி அமைச்சகத்தைக் கேட்பது. அங்கே இணைப்புகளின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். இணைப்பு எத்தனை என்று கேட்காமல் அதில் தண்ணீர் வருவது எத்தனை என்று கேட்க ஓர் எம்.பி. வேண்டும்.

எங்கள் மாவட்டங்களில் இந்தத் தண்ணீரின் அருமையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போன போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. மஞ்சளும் பழுப்புமாகக் கறை பிடித்த பல்லைப் பார்த்தே எந்தப் பக்கத்து ஊர் என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் ஒகேனக்கல் திட்டத்தின் பேரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடு மிகுதியால் பல்லையும் எலும்பையும் பிடிக்கும் நோய்) தணிப்பு என்பதும் இருக்கிறது. 2008 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் நாட்டுக் கடனுதவி. 2013 மே மாதம் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அடிக்கல் நாட்டிய காலத்தில் பேசப்பட்ட மதிப்பு ரூ.1,334 கோடி, முடியும்போது ரூ.1,928.80 கோடி. நடுவே கர்நாடகத்தின் எதிர்ப்பு, விலைவாசி, ஆட்சி மாற்றம் எல்லாம் இருந்தன. கூடிய ஏறக்குறைய 595 கோடியில் எதற்கு எவ்வளவு என்பது எந்த உறுப்பினரும் எந்தக் கட்சிக் கூச்சமும் இல்லாமல் கேட்கக்கூடிய கேள்வி, ஏனென்றால் திட்டத்தில் இரண்டு கட்சிக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் அவையில் அதிகம் கேட்டது "இது யார் கொண்டுவந்த திட்டம்" என்ற சண்டைதான்.

இனி பணத்துக்கு வருகிறேன். கோடி கோடியாக ஒதுக்குவதை யாராவது கேட்கிறார்களா என்றீர்கள். கேட்பதற்கான இடம் மானியக் கோரிக்கை விவாதம். பட்ஜெட் உரை ஒரு நாள் கூத்து. அதன்பிறகு ஒவ்வொரு துறையும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று அவையிடம் கைநீட்ட வேண்டும், அவை தர வேண்டும். அரசியல் சட்டத்தின் 203-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆளுநர் சம்பளம், உயர் நீதிமன்ற நீதிபதிகள் சம்பளம், கடனுக்கு வட்டி போன்ற சில செலவுகள் மட்டும் வாக்கெடுப்பு இல்லாமல் நேரே போகும். மற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் 234 பேர் இருக்கும் அந்த அவையின் ஒப்புதல் வேண்டும். அன்றைக்கு அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைப்பார். படங்கள் நிறைய இருக்கும். அதைவிடப் பக்கத்தில் கிடக்கும் எண் நிறைந்த பட்ஜெட் புத்தகம்தான் முக்கியம்; அதை யாரும் புரட்டுவதில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரே கணக்குத் தலைப்புக்கு எதிரே பல எண்கள் வரிசையாக இருக்கும். இரண்டு வருஷம் முன்பு உண்மையில் செலவானது. போன வருஷம் ஒதுக்குவதாகச் சொன்னது. அதை நடுவில் திருத்திக்கொண்டது. இந்த வருஷம் ஒதுக்குவது. கைதட்டல் கிடைப்பது கடைசி எண்ணுக்கு. செய்தித்தாளில் வருவதும் அதுதான். ஒரு திட்டத்துக்கு நூறு கோடி என்று அறிவித்து, திருத்திய மதிப்பீட்டில் நாற்பது ஆக்கி, கடைசியில் முப்பது செலவழித்தால், அந்த முப்பது என்ற எண் வெளியே தெரிய இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் வேறொரு நூறு கோடி அறிவிப்பு வந்துவிடும். (இது உதாரணத்துக்குச் சொன்ன எண், எந்தத் திட்டத்தையும் குறிக்கவில்லை.) செலவைப் பற்றிக் கேட்க விரும்பும் எம்.எல்.ஏ. இந்த எண்களையும் ஒரே கேள்வியில் கேட்டால் போதும். இதற்குப் பொருளாதாரப் படிப்பு வேண்டாம், பாலக்கோட்டில் தக்காளி மண்டிக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

வெட்டுத் தீர்மானம் என்றும் ஒன்று இருக்கிறது. மானியத்தில் இவ்வளவு குறை என்று தீர்மானம் கொடுப்பது. மக்களவை நடைமுறையில் கொள்கையே பிடிக்கவில்லை என்றால் ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள், குறிப்பிட்ட குறை ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் நூறு ரூபாய் வெட்டு. பெரும்பான்மை இருக்கும் அரசு அதில் தோற்காது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தீர்மானத்தைச் சாக்காக வைத்து உறுப்பினர் பேசலாம், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். சட்டமன்றத்தில் இதைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள், பேசுவது ஒன்றிரண்டைப் பற்றித்தான்.

விதி 110 பற்றியும் சொல்லியாக வேண்டும், ஓசூர்க்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். முதல்வரோ அமைச்சரோ பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தில் இந்த விதியின்கீழ் அறிக்கை வாசிக்கலாம். அதன்மேல் அங்கே விவாதம் கிடையாது. ஜெயலலிதா காலத்தில் இது நிறையப் பயன்பட்டது, எதிர்க்கட்சிகள் குறை சொன்னார்கள். பிறகு வந்தவர்களும் விட்டுவிடவில்லை. 2024 ஜூன் மாதம் முதல்வர் ஸ்டாலின் இதே விதியில்தான் ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். மேசைகள் தட்டப்பட்டன. ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தில் 150 கி.மீ. சுற்றளவுக்குள் 2033 வரை புதிதாக இன்னொன்று கூடாது, மைசூரும் ஹாசனும் விதிவிலக்கு என்ற சங்கதி இருக்கிறது. இது நமக்கெல்லாம் பரவலாகத் தெரியவந்ததற்குக் காரணம் நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விகளுக்கு விமானப் போக்குவரத்து அமைச்சகம் தந்த எழுத்துப்பூர்வமான பதில்கள். ஒரே விஷயம், இரண்டு அவை. அறிக்கையாக வந்தபோது கைதட்டல் மட்டும். கேள்வியாகப் போனபோது ஒப்பந்தத்தின் ஷரத்து வெளியே வந்தது. விமான நிலையம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும். எப்படி, எப்போது என்பதும் சேர்ந்து வரட்டும்.

ரயில் விஷயமும் அப்படித்தான். மொரப்பூர்–தருமபுரி இணைப்புப் பாதை, 36 கி.மீ. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த பாதை, பிறகு எடுத்துவிட்டார்கள். 2019-ல் மறுபடி அடிக்கல். இதைச் சட்டமன்றத்தில் கேட்டுப் பயனில்லை, ரயில்வே ஒன்றிய அரசுடையது. எம்.பி.தான் கேட்க வேண்டும். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் ஒரு நாளைக்கு 20, அதிலும் நேரம் முடிவதற்குள் நாலைந்துதான் வாய்மொழியாக எடுக்கப்படும். எழுத்துப்பூர்வமான பதில் தரப்படும் கேள்விகள் 230. குலுக்கலில் பேர் வர வேண்டும், 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ரயில்வே ஒவ்வொரு வருஷமும் எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று பிங்க் புக்கில் போடுகிறது. தமிழ்நாட்டின் சில புதிய பாதைகளுக்கு வெறும் 1,000 ரூபாய் போட்டு வைத்த வருஷங்களும் உண்டு. பாதையைக் கைவிடவில்லை என்று காட்ட ஒரு எண், அவ்வளவே. "பாதை எப்போது வரும்" என்று கேட்கும் எம்.பி.க்கு நில எடுப்பு நடக்கிறது என்று பதில் வரும். எத்தனை ஹெக்டேர் வேண்டும், எத்தனை எடுத்தாயிற்று, மாநில அரசிடம் நிலுவை எது, ரயில்வேயிடம் நிலுவை எது என்று பிரித்துக் கேட்டால் இரண்டு அரசும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொள்ள முடியாது.

இந்தக் கேள்வி கேட்கும் உரிமை சும்மா வந்ததில்லை. 1861-ல் அமைத்த மாகாண சபைகளில் உறுப்பினர் அரசைக் கேள்வி கேட்கவே முடியாது. 1892 சட்டத்தில்தான் கேட்கலாம் என்றார்கள், பட்ஜெட்டைப் பற்றிப் பேசவும் விட்டார்கள், வாக்கெடுப்பு மட்டும் கிடையாது. துணை வினா கேட்கும் உரிமை 1909-ல் வந்தது, அதுவும் முதலில் கேட்டவர் மட்டும்தான் கேட்கலாம். வேறு உறுப்பினர்களும் எழுந்து துணை வினா கேட்கலாம் என்றானது 1919 சட்டத்துக்குப் பிறகு. அந்தத் துணை வினாவைத்தான் இன்று நன்றி சொல்லி வீணடிக்கிறார்கள்.

கொள்கையும் செலவும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்தவை என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். அன்றைக்குத் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான். (தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்.) நல்ல கொள்கை என்று பாராட்டியவர்களும், போகும் வருமானத்துக்கு என்ன வழி என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. அதற்கான பதில்தான் 1939-ல் வந்த விற்பனை வரி. இன்றைக்கு டாஸ்மாக் பற்றிய ஒவ்வொரு விவாதமும் அதே கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

ஒரு கேள்வி அமைச்சரையே பதவி இறக்கியதும் உண்டு. 1957-ல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் ஏன் போடப்பட்டது என்று மக்களவையில் ராம் சுபக் சிங் கேட்டார். பூசி மெழுகிப் பதில் வந்தது. அந்தப் பதிலின் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு ஃபெரோஸ் காந்தி டிசம்பரில் எழுந்தார். இவர் பிரதமர் நேருவின் மருமகன், ஆளுங்கட்சிக்காரர். நீதிபதி சக்லா விசாரணை, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. ரூ.1.24 கோடி விவகாரம். ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்பாரா என்று நீங்கள் சந்தேகப்பட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம், உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு அடுத்த தேர்தலில் சீட்டு வேண்டும்.

இப்போது உங்கள் 'பரிசீலனையில் உள்ளது' பதிலுக்கு வருகிறேன். அதைக் குப்பையில் போடாதீர்கள். அமைச்சர் அவையில் செய்கிறேன், பார்க்கிறேன், ஆராய்கிறேன் என்று சொன்னவற்றைப் பொறுக்கியெடுத்து, நடந்ததா என்று பார்க்கவே ஒரு குழு இருக்கிறது. அரசு உறுதிமொழிக் குழு. மக்களவையில் "பரிசீலனையில் உள்ளது" என்ற வாசகமே உறுதிமொழிகளின் பட்டியலில் இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம் சட்டமன்றத்தின் உறுதிமொழிக் குழு மாவட்டம் மாவட்டமாக வருகிறது. ஒகேனக்கலுக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் குழுக்கள் வந்தால் படம் பிடித்துப் பேப்பரில் போடுவார்கள். பரிசல் பயணமும் உண்டு, மீன் சாப்பாடும் உண்டு, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிறகு கலெக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து, இந்தத் தேதியில் அவையில் சொன்னது என்ன ஆயிற்று என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போவதற்கு முன்பு அதிகாரிகள் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்போது உள்ளூர்க்காரர் யாராவது அந்தப் பதிலின் தேதியோடு குழுத் தலைவரிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், பட்டியலில் தூங்கும் ஒரு வரி எழுந்து உட்காரும்.

செலவான பிறகு பார்ப்பது பொதுக் கணக்குக் குழு. தணிக்கைத் துறையின் அறிக்கை அவையில் வைக்கப்பட்டதும் அதன் பத்திகளை எடுத்துக்கொண்டு துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராகப் போடுவது வழக்கம். நல்ல குழு, ஆனால் நிதானமான குழு. செலவழித்த பொறியாளர் ஓய்வு பெற்றுப் பேரன் எடுத்த பிறகு விசாரணை வரும். நாடாளுமன்றத்தில் இருப்பதுபோல் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி நிலைக்குழு (அங்கே 24 இருக்கிறது) வைத்து, ஒதுக்கீட்டை நிறைவேற்றும் முன்பே துருவிப் பார்க்கும் ஏற்பாடு நம் சட்டமன்றத்தில் இல்லை. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டுக்கு உடனே வேண்டியது அதுதான். கேள்வி நேரத்தை 2022 ஜனவரியில் நேரலை ஆக்கியது நல்லது. ஆனால் கேமரா வந்ததும் கவிதை கூடியது, துணை வினா கூடவில்லை.

அவைக் கேள்வியால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் நம்புபவன் அல்ல. 1992 ஜூன் 20-ஆம் தேதி அரூர் தாலுகா வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்த அடிதடியையும் பாலியல் வன்கொடுமையையும் அன்றைய அரசு தரப்பு மறுத்துக்கொண்டே இருந்தது. உண்மையை வெளியே கொண்டுவந்தது அந்தப் பெண்களின் பிடிவாதமும், சங்கங்களின் போராட்டமும், நீதிமன்றமும், சி.பி.ஐ. விசாரணையும். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொல்ல 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று. அரசே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது அமைச்சரின் பதில் அரசின் வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். குடிதண்ணீர், சாலை, ஆஸ்பத்திரி, ஒதுக்கிய பணம் போன்றவற்றுக்குத்தான் கேள்வி நல்ல ஆயுதம்.

நீங்கள் செய்யக்கூடியது. முதலில் அந்தப் பதிலின் வாசகத்தைத் தேடி எடுங்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் அதன் இணையதளத்தில் போடப்படுகின்றன, எம்.எல்.ஏ. ஆபீஸில் அவர் உதவியாளரிடமும் நகல் இருக்கும். கேள்வியை எழுதிக் கொடுங்கள், தயங்க வேண்டாம். பல கேள்விகளை எழுதுவது உதவியாளர்கள்தான், விவரம் தெரிந்த ஒருவர் தயாராக எழுதித் தந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். மேலே நான் போட்டிருக்கும் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கேள்வியைக் குடிநீர் அமைச்சருக்கும் இன்னொன்றை ஊரக வளர்ச்சி அமைச்சருக்கும் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள், ஒன்றாகப் போட்டால் ஒருவர் தலையில் ஒருவர் கட்டுவார்கள். இரண்டாவது, மனுக்கள் குழு. அது மாவட்டத்துக்கு வரும் முன்பு பேப்பரில் அறிவிப்பு வரும். தமிழில் எழுதி ஐந்து நகல், தலைவர், மனுக்கள் குழு, சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்று அனுப்ப வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, வங்கிக் கடன், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு இவையெல்லாம் எடுக்க மாட்டார்கள். ஊர்ப் பொதுத் தண்ணீர்ப் பிரச்சினை எடுப்பார்கள். நிறையப் பேர் இங்கே தண்ணீரோடு தெருவிளக்கையும் சாக்கடையையும் சேர்த்து எழுதி மனுவைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு மாதம் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் விட்ட தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிய நாளையும் சொல்லிவிடுவார், அவர்களும் சம்பளம் குறைவான பாவப்பட்ட ஆட்கள், சண்டை போடாமல் கேளுங்கள். தொட்டிக்கு ஏறிய நாளும் தெருவுக்கு விட்ட நாளும் ஒத்துப்போனால் குறை வாரியத்தின் பக்கம். தொட்டி நிறைந்தும் தெருவுக்கு வரவில்லை என்றால் ஊராட்சியின் பக்கம். எந்த அமைச்சரைக் கேட்க வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.